இயந்திரம் உழைக்கும், காசு வரும்... பிறகு?

இனி மனிதன் பிழைப்புக்காக உழைக்க வேண்டியதில்லையாம். வயலிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் இயந்திரமே எல்லா வேலைகளையும் பார்த்துக்கொள்ளுமாம். அரசாங்கம் மாதந்தோறும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொகையை வைத்துவிடுமாம். அதைக் கொண்டு அவரவர் விரும்பியபடி நிம்மதியாக வாழலாமாம். இப்படியொரு நற்செய்தி சில ஆண்டுகளாக உலகெங்கும் பேசப்பட்டு வருகிறது.

இத்திட்டத்திற்கு 'அடிப்படை வருமானம்' என்று பெயர். ஏழை, செல்வர், வேலையில் இருப்பவர், இல்லாதவர் என்ற பாகுபாடின்றி, எவ்வித நிபந்தனையும் விதிக்காமல், ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசு தவறாமல் தரும் தொகை என்பது அதன் பொருள். செயற்கை நுண்ணறிவுக் கணிப்பொறிகள் கட்டுரை எழுதவும் படம் வரையவும் கணக்குப் பார்க்கவும் தொடங்கியபின் இப்பேச்சு இன்னும் வலுத்துவிட்டது. "எல்லாவற்றையும் கணிப்பொறியே செய்துவிடும் என்றால் நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பெற்றோரோ விடை கூற இயலாமல் திகைக்கின்றனர்.

ஆகவே இந்த நற்செய்தியை நம்புமுன் சற்று நிதானித்து ஆராய்வது நம் கடமை. இதில் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. இயந்திரம் எல்லா வேலைகளையும் பறித்துக்கொள்ளும் என்பது ஒன்று. மாதப் பணம் அந்த இழப்பை ஈடுசெய்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்ப்போம்.

பலிக்காத முன்னறிவிப்புகள்

வேலை ஒழிந்துவிடும் என்ற முன்னறிவிப்பு புதியதன்று. 1930ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் கீன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். நூறாண்டுக்குள் மனிதர்கள் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதும் என்ற நிலை வந்துவிடும் என்று அதில் கணித்தார். அவர் குறித்த 2030ஆம் ஆண்டு இதோ வாசலில் நிற்கிறது. செல்வம் பெருகும் என்று அவர் சொன்னது பலித்தது. ஓய்வு பெருகும் என்று சொன்னதோ பலிக்கவில்லை.

1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு ஓர் அறிக்கையை அனுப்பிவைத்தது. வேதியியலில் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கும் அதில் கையொப்பமிட்டிருந்தார். கணிப்பொறியும் தானியங்கு இயந்திரங்களும் சேர்ந்து வேலைக்கும் வருமானத்திற்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும். ஆதலால் ஒவ்வொருவருக்கும் வருமானத்தை அரசே உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இன்று நாம் கேட்கும் வாதத்தையே அவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே முன்வைத்துவிட்டனர். நடந்தது என்ன? 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேலையின்மை நூற்றுக்கு மூன்றரை அளவுக்குக் குறைந்திருந்தது!

இன்னொரு சான்று நமக்கு மிகவும் பழக்கமான ஏ.டி.எம். இயந்திரம். பணத்தை எண்ணிக் கொடுக்க இயந்திரம் வந்துவிட்டால் வங்கிக் காசாளருக்கு வேலை ஏது என்றே எவரும் நினைப்பர். ஆனால் அமெரிக்காவில் அந்த இயந்திரங்கள் பெருகிய பல ஆண்டுகள் வரை காசாளர்களின் எண்ணிக்கை வீழ்ந்துவிடவில்லை. ஒரு கிளையை நடத்தத் தேவையான ஆட்கள் குறைந்ததால் கிளை திறக்கும் செலவு குறைந்தது. செலவு குறையவே வங்கிகள் மேலும் பல கிளைகளைத் திறந்தன. காசாளரும் பணம் எண்ணும் வேலையைக் குறைத்துக்கொண்டு வாடிக்கையாளரைக் கவனிக்கும் வேலைக்கு மாறினர். கைப்பேசி வழியே வங்கிப் பணிகள் நடைபெறத் தொடங்கிய பிற்காலத்தில்தான் அவர்களின் எண்ணிக்கை இறங்கலாயிற்று.

இயந்திரம் ஒரு வேலையின் சில பகுதிகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய பகுதிகளின் மதிப்பு கூடுவதும் குறைவதும் பல காரணங்களைப் பொறுத்தவை. எனவே, இத்தனை ஆண்டுகளில் இத்தனை வேலைகள் ஒழியும் என்று அடித்துச் சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருப்பதே அறிவுடைமை.

தறியை உடைத்தவர்கள்

அப்படியானால் இயந்திரத்தால் எவருக்குமே தீங்கில்லையா? உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

1811ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் காலுறை நெய்யும் தொழிலாளர்கள் இரவோடிரவாகச் சென்று தறிச் சட்டங்களை உடைத்தனர். லுட்டைட்டுகள் என்று வரலாறு இவர்களைக் குறிப்பிடுகிறது. முன்னேற்றத்தை வெறுத்த மூடர்கள் என்றே இவர்களைப் பலர் எண்ணியுள்ளனர். உண்மை வேறு. அந்தத் தறிகளில்தான் அவர்களே தலைமுறை தலைமுறையாக வேலை செய்துவந்தனர். தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தியதையும், மட்டமான சரக்கை நெய்து விற்றதையும், தங்கள் கூலி வெட்டப்பட்டதையும் எதிர்த்தே அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் இயந்திரத்தை எதிர்த்தார்கள் என்பதைவிட, அது எவருடைய நலனுக்காக, எந்த முறையில் இயக்கப்படுகிறது என்பதை எதிர்த்தார்கள் என்பதே பொருந்தும்.

அரசு என்ன செய்தது? தறியை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை 1812ஆம் ஆண்டில் இயற்றியது. 1813ஆம் ஆண்டு ஜனவரியில் யார்க் நகரில் பதினேழு பேர் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் விசைத்தறி பரவப் பரவ, இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர்களின் கூலி பல பத்தாண்டுகள் தொடர்ந்து சரிந்தது. பேரப்பிள்ளைகளுக்கு ஆலைகளில் வேலை கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த ஆறுதல் பசியோடு இருந்த பாட்டனுக்கு எந்த வகையில் உதவிற்று?

நாட்டின் மொத்தக் கணக்கில் வேலைகள் குறையாமல் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட வீட்டின் அடுப்பு மட்டும் அணைந்துவிடலாம். பொருளியல் அட்டவணை முதலாவதைக் காட்டும், இரண்டாவதைக் காட்டாது.

ரொட்டி விலையும் கூலியும்

சரி, அடுப்பு அணைந்த வீட்டிற்குப் பணம் கொடுத்துவிட்டால் தீர்ந்ததல்லவா என்று கேட்கலாம். அதையும் இங்கிலாந்து முன்பே செய்து பார்த்துவிட்டது.

1795ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், பெர்க்ஷயர் பகுதி நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்ற ஊரின் விடுதி ஒன்றில் கூடினர். பஞ்சத்தாலும் போராலும் ரொட்டியின் விலை ஏறியிருந்த நேரம் அது. ரொட்டியின் விலையையும் குடும்பத்தின் உறுப்பினர் எண்ணிக்கையையும் கொண்டு ஓர் அளவு வகுத்தனர். தொழிலாளியின் கூலி அதற்குக் குறைந்தால் எஞ்சியதை ஊர் வரிப் பணத்திலிருந்து கொடுப்பது என்று முடிவாயிற்று. பல ஊர்களும் இதேபோன்ற முறைகளைக் கையாண்டன.

எண்ணம் இரக்கத்திற்குரியதுதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. கூலி எவ்வளவு குறைந்தாலும் எஞ்சியதை ஊர் கொடுத்துவிடும் என்றால், பண்ணையார் ஏன் முழுக் கூலி கொடுக்க வேண்டும்? உதவித்தொகை ஏழையின் கையில் விழுந்தாலும் அதன் பலன் பண்ணையாரின் பெட்டிக்குப் போனது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1834ஆம் ஆண்டில் வந்த விசாரணைக் குழுவின் அறிக்கையோ பழியை ஏழைகளின் தலையிலேயே சுமத்தியது. உதவி அவர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று அது கூறிற்று. அந்த அறிக்கை முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் குறை கூறியுள்ளனர். ஆயினும் அதே ஆண்டில் சட்டம் மாறிற்று. உழைக்கும் வலுவுள்ளவர் உதவி பெற வேண்டுமானால் சிறைச்சாலை போன்ற ஏழையர் விடுதிக்குள் நுழைய வேண்டும் என்றாயிற்று.

இதில் நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கொடுப்பது பிறர் கையாக இருக்கும்போது, நிறுத்துவதும் அதே கையாகத்தான் இருக்கும். நிறுத்தும்போது பழியும் பெற்றவர் மீதே விழும்.

சோதனை சொல்வது என்ன?

இக்காலத்திலும் பல சோதனைகள் நடந்துள்ளன. அவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. செயற்கை நுண்ணறிவுத் துறையில் முன்னணியில் உள்ள ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனின் ஆதரவில் அது நடைபெற்றது. வேலையை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லப்படும் இயந்திரத்தைச் செய்பவரே, அதற்கு மாற்றாகப் பணம் கொடுக்கும் வழியையும் ஆராயச் செய்தார்!

டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் வருமானம் குறைந்த 1,000 பேருக்கு மூன்றாண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்தனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு 2,000 பேருக்கு மாதம் 50 டாலர் மட்டும் கொடுத்தனர். 2024ஆம் ஆண்டு ஜூலையில் முடிவுகள் வெளியாயின. 1,000 டாலர் பெற்றவர்கள் மற்றவர்களைவிட வாரத்திற்குச் சராசரியாக ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக வேலையைக் குறைத்துக்கொண்டனர். உணவு, வாடகை, போக்குவரத்து ஆகியவற்றிற்குக் கூடுதலாகச் செலவிட்டனர். உற்றார் உறவினருக்கும் உதவினர். முதலாண்டில் மனக்கவலை குறைந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் அந்த நிம்மதி மங்கிவிட்டது.

பணம் கொடுத்தால் மக்கள் குடித்துக் கூத்தாடிச் சோம்பிக் கிடப்பர் என்று பழித்தவர்களின் வாய் அடைபட்டது. ஆனால் பணம் ஒன்றே மனிதனைப் புது மனிதனாக்கிவிடும் என்று கனவு கண்டவர்களுக்கும் அந்த முடிவுகள் ஏமாற்றமே.

மேலும், ஆயிரம் பேருக்குக் கொடுப்பது வேறு. ஒரு நாட்டிற்கே கொடுப்பது வேறு. அமெரிக்காவில் வயது வந்தோர் சுமார் 25 கோடிப் பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 1,000 டாலர் கொடுப்பதானால் ஆண்டுக்கு 3 லட்சம் கோடி டாலர் வேண்டும். 2019ஆம் நிதியாண்டில் அந்நாட்டு மத்திய அரசின் மொத்தச் செலவே சுமார் 4.4 லட்சம் கோடி டாலர்தான். எஞ்சிய பணத்தில் முதியோர் ஓய்வூதியமும் மருத்துவமும் பாதுகாப்பும் எங்ஙனம் நடைபெறும்? அவற்றை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கொடுப்பதென்றால், நோயாளியிடமிருந்து பறித்து நலமுள்ளவனுக்குக் கொடுத்ததாகாதா?

ஈரானில் நடந்தது

ஒரு நாடு முழுவதற்கும் இவ்வாறு கொடுத்த முன்மாதிரி உண்டா? ஓரளவுக்கு உண்டு. அது ஈரான்.

ஈரான் அரசு பெட்ரோல், மின்சாரம் முதலியவற்றை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவந்தது. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த மானியத்தை வெட்டி விலைகளை உயர்த்தியது. அதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் வீதம் குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்கில் செலுத்தியது. மக்களில் மிகப் பெரும்பாலோர் இதைப் பெற்றனர். தொடக்கத்தில் இது கணிசமான தொகை. கிராமப்புற ஏழைக் குடும்பங்கள் பெரிதும் பயனடைந்தன, வறுமை குறைந்தது. மக்கள் வேலையை விட்டுவிடுவர் என்று அஞ்சப்பட்டது. பின்னர் ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் அவ்வாறு நிகழ்ந்ததற்குத் தக்க சான்றில்லை என்றே கண்டனர்.

அப்படியானால் குறை எங்கே? விலைவாசியில்! பொருளாதாரத் தடைகளும் நிர்வாகக் குறைகளும் சேர்ந்து விலைகள் ஆண்டுக்காண்டு ஏறின. ரியாலின் மதிப்பு சரிந்தது. தொகையோ பல்லாண்டுகள் அதே 4,55,000 ரியாலாகவே நின்றது. பத்தாண்டுகள் கழிந்தபோது, தொடக்கத்தில் அது வாங்கிய பொருளில் ஒரு சிறு பகுதியையே வாங்க முடிந்தது. எவரும் திட்டத்தை நிறுத்தவில்லை. ஆணை பிறப்பிக்கவும் இல்லை. கையில் விழுந்த காசு கையிலேயே கரைந்துவிட்டது.

இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளம் அப்படியே நிற்க, அரிசி விலையும் பருப்பு விலையும் ஏறும்போது பணம் கரைவதை அவர்களைவிட அறிந்தவர் யார்? மானியம் பொருளாக இருந்தபோது விலையேற்றத்தின் சுமை அரசின் தலையில் இருந்தது. அது காசாக மாறியதும் அந்தச் சுமை ஓசையின்றிக் குடும்பத்தின் தலைக்கு இறங்கிவிட்டது.

தர்மமா, பங்கா?

வேறுவகை முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1968ஆம் ஆண்டில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணெய் மாநில மக்கள் அனைவருக்கும் உரிய பொதுச் சொத்து என்ற எண்ணத்தில், 1976ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒரு நிரந்தர நிதியை ஏற்படுத்தினர். கனிம வருவாயில் ஒரு பகுதி அதில் சேரும். அதன் ஈட்டத்திலிருந்து 1982ஆம் ஆண்டு முதல் குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்கு கொடுக்கப்படுகிறது. முதலாண்டில் அது 1,000 டாலர். அலாஸ்கா மக்கள் இதை எவரோ இரங்கிக் கொடுத்த உதவியாகக் கருதுவதில்லை. தம் சொத்தின் லாபப் பங்காகவே கருதுகின்றனர். ஒட்டுமொத்த வேலைவாய்ப்பும் இதனால் குறையவில்லை. பகுதிநேர வேலை மட்டும் சற்றுக் கூடியது என்பது ஆய்வாளர் முடிவு.

இவ்வெண்ணம் நம் வரலாற்றுக்கும் புதியதன்று. ஸவாத் எனப்படும் இராக்கின் வளமான நிலங்கள் கைவந்தபோது, அவற்றைப் படைவீரர்களுக்குப் பங்கிட்டுவிடுமாறு தோழர்களில் சிலர் வற்புறுத்தினர். கலீஃபா உமர் (ரலி) இணங்கவில்லை. இன்றிருப்பவர்கள் பங்கிட்டுக்கொண்டால் நாளை வருபவர்களுக்கு என்ன எஞ்சும் என்பது அவர்களின் கவலை. ஆலோசனைக்குப் பின் நிலங்கள் உழுபவர்களிடமே விடப்பட்டன. அவற்றின் வரி பைத்துல்மாலில் சேர்ந்தது. ஹிஜ்ரி 20ஆம் ஆண்டளவில் திவான் என்னும் பெயர்ப்பதிவேடு ஏற்படுத்தப்பட்டு, அதன்படி ஆண்டுத்தொகைகள் வழங்கப்பட்டன.

அதிலும் ஒரு விதி தவறாகிப்போனதை வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை. பால்குடி மறந்த குழந்தைக்கே தொகை உண்டு என்று முதலில் வகுக்கப்பட்டிருந்தது. ஓர் இரவில் நகர்வலம் வந்த கலீஃபா, ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார். தொகை கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தாய் காலத்திற்கு முன்பே பால் மறக்கச் செய்கிறாள் என்பது விசாரித்ததில் தெரியவந்தது. மனம் நொந்த அவர், பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார். அரசு வகுக்கும் விதி ஒரு வீட்டின் தொட்டில் வரை வந்து என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அடிப்படை வருமானத்தை ஆதரிப்போர் நிபந்தனை வேண்டாம் என்று கூறுவதில் உள்ள நியாயத்தை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

இருப்பினும் பொதுச் சொத்தின் பங்கு என்ற பெயர் மட்டும் பாதுகாப்பாகிவிடாது. 2016ஆம் ஆண்டில் எண்ணெய் விலை வீழ்ந்து பற்றாக்குறை ஏற்பட்டபோது, அலாஸ்கா ஆளுநர் அவ்வாண்டுப் பங்கில் ஏறத்தாழப் பாதியைத் தடுத்துவிட்டார். மக்கள் கைக்கு வந்தது 1,022 டாலர்தான். வழக்குத் தொடரப்பட்டது. அது செல்லும் என்றே 2017ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதியின் மூலதனத்தை அரசியல் சட்டம் காத்து நின்றது. ஆண்டுப் பங்கை அது காக்கவில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஏழைக்குப் பணம் கொடுப்பதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பசித்தவனுக்கு இன்று உணவு வேண்டும், தத்துவம் வேண்டியதில்லை. பணம் கொடுத்தால் மக்கள் கெட்டுவிடுவர் என்ற வாதத்தை மேலே கண்ட சோதனைகள் பெருமளவு பொய்யாக்கிவிட்டன. நம் ஐயம் வேறு. செல்வத்தை விளைவிக்கும் இயந்திரம் ஒரு சிலர் கையிலேயே இருக்க, மற்றவர் அனைவருக்கும் மாதந்தோறும் ஒரு தொகை என்பது, பங்காளியாக வேண்டியவனை உதவி பெறுபவனாக மாற்றிவிடும் ஏற்பாடு ஆகிவிடக் கூடாதே என்பதுதான் அந்த ஐயம்.

தொழிலாளிக்கு வேலையை நிறுத்தும் வலிமையாவது உண்டு. அவன் கையை மடக்கினால் ஆலை நின்றுவிடும். எனவே அவன் சொல்லுக்கு மதிப்பிருந்தது. உழைப்பே தேவைப்படாத உலகில், தொகையைக் குறைத்துவிட்டால் அவன் எதை நிறுத்திக் காட்டுவான்?

ஆகவே எந்த நாட்டில், எந்தக் கட்சி, எந்தப் பெயரில் இத்தகைய திட்டத்தைக் கொண்டுவந்தாலும் நான்கு கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். பணம் எந்தச் சொத்திலிருந்து வருகிறது, அச்சொத்து யாருடையது? விலைவாசி ஏறினால் தொகையும் ஏறும் என்று சட்டம் சொல்கிறதா? இதற்காக எந்தப் பள்ளிக்கூடம், எந்த மருத்துவமனை, எந்த ரேஷன் கடை குறைக்கப்படுகிறது? நாளை ஒருவர் இதை நிறுத்த நினைத்தால் அவரைத் தடுக்கும் வலிமை யாருக்கு உண்டு? இவற்றிற்கு நேரான விடை கிடைக்குமாயின் வரவேற்போம். கிடைக்காதபோது, வருகின்ற பணத்தைப் பெற்றுக்கொண்டாலும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்குரிய விடையும் இதில் அடங்கியிருக்கிறது. கணிப்பொறி கணக்குப் போட்டுக் கொடுக்கும். அந்தக் கணக்கில் தன் பங்கு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவன்தான் அதைக் கேட்டுப் பெற முடியும். அதற்காகவேனும் படிக்கத்தான் வேண்டும்.